கூடத்து வாத்தியம், மேடை வாத்தியம்

மாண்டலின் என்றதும் நமக்கு உ. ஸ்ரீநிவாஸ்தான் நினைவுக்கு வருகிறார். சிறுவனாக மேடையேறி, மேற்கிலிருந்து வந்த ஒரு சின்ன வாத்தியத்தைக் கர்நாடக சங்கீதத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார வைத்தவர். அதே வாத்தியம் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் வேறொரு வாழ்வு வாழ்ந்தது. கன்ட்ரி என்றும், அதன் ஒரு கிளையாகப் புளூகிராஸ் என்றும் அழைக்கப்படும் இசையில் அது தலைமை வாத்தியமானது. அந்த வளர்ச்சியை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு ஆணின் கதையாகவே அதை எழுதியிருக்கிறார்கள். அந்தக் கதையிலிருந்தே நானும் தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குள்ளேயே ஒரு பெண் மறைந்திருக்கிறாள்.

1911இல் கென்டக்கி மாநிலத்தின் ரோசின் என்ற ஊரில், எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் பில் மன்றோ. அண்ணன் பர்ச் ஃபிடிலை எடுத்துக்கொண்டார், இன்னொரு அண்ணன் சார்லி கிடாரை எடுத்துக்கொண்டார். யாரும் விரும்பாத மாண்டலின் தம்பிக்கு மிஞ்சியது. எட்டுத் தந்தியில் நான்கைக் கழற்றிவிட்டு வாசி, சத்தம் அதிகம் வரக்கூடாது என்று அண்ணன்மார் கட்டளை போட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவமானப்பட்ட தம்பி உலகம் திரும்பிப் பார்க்கும் கலைஞனான கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வீட்டில் இசை எங்கிருந்து வந்தது? அம்மாவிடமிருந்து. மலிஸா வாண்டிவர் மன்றோ ஃபிடிலும் அக்கார்டியனும் வாசிப்பார், பாடுவார். 1921இல், பில்லுக்குப் பத்து வயது ஆகும் சமயத்தில், அவர் இறந்துபோனார். பெற்றோர் இருவரையும் இழந்த பையன் தாய்மாமன் பென் வாண்டிவருடன் தங்கினான், மாமாவின் ஃபிடிலுக்குப் பக்கவாத்தியம் வாசித்துத் தாளம் பழகினான். பின்னாளில் மன்றோ மாமாவின் பெயரிலேயே ஒரு பாட்டுக் கட்டினார். அதில் மாமா உயிரோடு இருக்கிறார், ஃபிடில் வாசிக்கிறார், ஊர் கூடி ஆடுகிறது. அம்மாவும் ஒரு பாட்டில் வருகிறார். அங்கே அவர் ஒரு கல்லறை. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பாட்டு. அம்மாவின் கையில் ஃபிடில் இல்லை. மகன் அன்பில்லாமல் இப்படிச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்துப் பாட்டில் அம்மாக்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடம் அதுதான்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மாண்டலின் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து வாத்தியம். 1880இல் ஸ்பெயினிலிருந்து ஒரு மாணவர் இசைக்குழு நியூயார்க்கில் வந்து வாசித்தது. அவர்கள் வாசித்தது மாண்டலின் அல்ல, அதைப் போலவே ஒலிக்கும் பந்துரியா. அமெரிக்காவில் குடியேறியிருந்த இத்தாலியர்கள் அதே பாணியில் தங்கள் மாண்டலினை எடுத்துக்கொண்டு ஸ்பானியர் வேடம் போட்டுக் கிளம்பினார்கள். மோகம் பற்றிக்கொண்டது. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஊருக்கு ஊர் மாண்டலின் குழுக்கள் முளைத்தன, பெண்கள் கல்லூரிகளிலும் மாண்டலின் சங்கங்கள் வந்தன. 1902இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில் தொடங்கிய கிப்சன் நிறுவனத்தின் பெயரே கிப்சன் மாண்டலின்-கிடார் கம்பெனி. மாண்டலின் முன்னால், கிடார் பின்னால்.

நடுத்தர வகுப்பு வெள்ளை அமெரிக்க வீடுகளில் பியானோவைப் போலவே மாண்டலினும் பெண்ணுக்கு ஏற்ற வாத்தியமாக நினைக்கப்பட்டது. மடியில் வைத்துக்கொள்ளலாம், உடம்பை வளைக்க வேண்டாம், முகம் கோணாது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன் வீணை மீட்டிய நம் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. வாசிக்கலாம், ஆனால் கூடத்துக்குள். ஃபிடில் அப்படியில்லை. மலைப்பகுதிச் சபை மக்கள் பலர் அதைச் சாத்தானின் பெட்டி என்று சொல்வார்கள். அது சாராயத்தோடும் நடனத்தோடும் இரவோடும் சேர்ந்தது, ஆகவே ஆணுடையது. மலிஸாவைப் போன்ற பெண்கள் அதையும் வாசித்தார்கள், பெரும்பாலும் தங்கள் வீட்டு எல்லைக்குள்.

1920களில் மாண்டலின் மோகம் வடிந்துகொண்டிருந்தது. ஜாஸ் வந்துவிட்டது, நான்கு தந்திப் பாஞ்சோ வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கிப்சனில் வேலை செய்த லாயிட் லோர், ஃபிடிலைப் போல மேற்பலகையில் எஃப் வடிவத் துளைகள் போட்டு ஒரு புது மாண்டலினை 1922இல் கொண்டுவந்தார். எஃப்-5 என்று பெயர். இன்று லோரின் கையெழுத்துள்ள எஃப்-5 கிடைத்தால் வீட்டை விற்று வாங்குவார்கள். அன்று சரியாக விற்கவில்லை, லோரும் 1924 முடிவில் வேலையை விட்டுப் போனார். புத்தகங்களில் ஓர் ஓரமாக வரும் தகவல் ஒன்று: லோர் மேடையில் மாண்டலின் வாசித்து ஊர் ஊராகச் சுற்றிய குழுவின் பெயர் ஃபிஷர் ஷிப் கச்சேரிக் குழு. ஸாலி ஃபிஷர் ஷிப் என்ற பாடகியின் பெயரில், அவர் தலைமையில் நடந்த குழு. அவர் பிறகு லோரைத் திருமணம் செய்துகொண்டார். லோர் வாத்திய மேதையாகப் புத்தகங்களில் இருக்கிறார், ஸாலி அவருடைய முதல் மனைவியாக இருக்கிறார்.

விற்காத எஃப்-5 ஒன்று ஃப்ளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையின் சன்னலில் கிடந்தது. 1940களில் பில் மன்றோ அதை 150 டாலருக்கு வாங்கினார். 1939 முதலே அவர் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி மேடையில் இருந்தார். குழுவின் பெயர் புளூ கிராஸ் பாய்ஸ். அந்தப் பெயரிலிருந்துதான் ஒரு முழு இசைவகைக்கே பெயர் வந்தது. பையன்கள் என்ற சொல் கூடவே வந்துவிட்டது.

மாண்டலின் இந்த இசையில் என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வரும் சண்டை புரியாது. நான்கு ஜோடித் தந்தி, ஃபிடிலின் சுருதி அமைப்பே. வேகமான ஸ்வரக் கோவைகளை ஒரு பக்கம் வாசிக்கலாம். இன்னொரு பக்கம், தாளத்தின் விலகிய தட்டில் எல்லாத் தந்தியையும் ஒரே வீச்சில் அடித்து, இடது கை விரலைத் தளர்த்தி ஒலியை உடனே அடக்க வேண்டும். சக், சக் என்று கேட்கும். இதற்குச் சாப் என்று பெயர். புளூகிராஸில் டிரம் கிடையாது, சாப்தான் டிரம். யார் அதை வாசிக்கிறாரோ அவர் கையில் குழுவின் வேகம் இருக்கிறது. கூடத்து வாத்தியம் அதிகார வாத்தியமாகிவிட்டது. பெண்ணுக்கு அந்த அடியில் பலம் போதாது என்ற பேச்சும் அப்போதுதான் முளைத்தது. தண்ணீர் இறைத்து, துணி துவைத்து, மாடு கறந்த கைகளைப் பற்றித்தான் இப்படிப் பேசினார்கள்.

அந்தப் பையன்கள் குழுவில் ஒரு பெண் இருந்தார். ஸாலி ஆன் ஃபாரஸ்டர். 1943 முதல் 1946 வரை அக்கார்டியன் வாசித்தார், பாடினார், கூடாரக் கச்சேரிகளில் டிக்கெட் காசையும் கவனித்தார். 1945 பிப்ரவரியில் சிகாகோவில் மன்றோ பதிவு செய்த பாடல்களில் அவருடைய அக்கார்டியன் தெளிவாகக் கேட்கிறது. அவர் இருப்புக்கு வரலாற்றாசிரியர்கள் கொடுத்த விளக்கங்கள்தான் எனக்கு வியப்பு. கணவர் ஹவ்டி ஃபாரஸ்டர் நல்ல ஃபிடில் கலைஞர். அவர் கடற்படைக்குப் போனார், திரும்பி வரட்டும் என்று மன்றோ மனைவியைக் குழுவில் வைத்துக்கொண்டார் என்பது ஒன்று. அம்மா வாசித்த அக்கார்டியன் ஒலி மன்றோவுக்குப் பிடிக்கும் என்பது இன்னொன்று. ஒன்று கணவனுக்காக, மற்றது தாய் நினைவுக்காக. நன்றாக வாசித்தார், அதனால் இருந்தார் என்ற எளிய காரணத்தை எழுத எவ்வளவு தயக்கம்! ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பாஞ்சோவோடு வந்து சேர்ந்த 1945 டிசம்பரையே பலர் புளூகிராஸின் பிறப்பாகக் கொண்டாடுகிறார்கள். அப்படிக் கணக்கு வைத்தால் அக்கார்டியன் பிறப்புக்கு முந்தைய பிழையாகிவிடுகிறது.

1950களில் பெஸ்ஸி லீ மால்டின் அதே குழுவில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தார். பெண்ணுக்குப் பேஸ் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பின்னால் நிற்கலாம், தனி ஆவர்த்தனம் கிடையாது.

இங்கே டோனா ஸ்டோன்மேனைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். 1934இல் பிறந்தவர். அப்பா எர்னெஸ்ட் ஸ்டோன்மேன் 1920களிலேயே இசைத்தட்டு வெளியிட்டவர். அம்மா ஹாட்டி, 1927இன் புகழ்பெற்ற பிரிஸ்டல் பதிவுகளில் ஃபிடில் வாசித்தவர், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர். அந்த இரண்டு விவரங்களையும் ஒரே வாக்கியத்தில் எழுதும்போது கை நின்றுவிடுகிறது. டோனா எஃப்-5 மாண்டலினை எடுத்தார். மேடையில் ஆடிக்கொண்டே, முழு வேகத்தில், முன்வரிசையில் நின்று வாசித்தார். 1967இல் கன்ட்ரி இசைச் சங்கம் முதன்முதலாகச் சிறந்த குரலிசைக் குழு விருது கொடுத்தபோது அது ஸ்டோன்மேன் குடும்பத்துக்குத்தான் போனது.

1962இல் ரோஸ் மேடக்ஸ் ஒரு புளூகிராஸ் ஆல்பம் பாடினார். ஒரு பெண் பெயரில் வந்த முதல் முழுநீளப் புளூகிராஸ் தட்டு என்று அதைச் சொல்வார்கள். சில பாடல்களுக்கு மாண்டலின் வாசித்தவர் பில் மன்றோ. மற்றவற்றுக்கு டோனா ஸ்டோன்மேன். ஒரே தட்டில், ஒரே பொறுப்பில், மன்றோ விட்ட இடத்தை ஒரு பெண் தொடர்ந்திருக்கிறார். ஆனால் டோனாவைப் பற்றிப் பேசும்போது ஆட்டமும் உடையும்தான் முதலில் வருகின்றன. மன்றோவின் தொப்பியைப் பற்றி யாரும் இவ்வளவு எழுதவில்லை.

தொப்பி இருக்கட்டும், மன்றோவின் மாண்டலினுக்கே ஒரு கதை உண்டு. 1985இல் அவர் வீட்டுக்குள் யாரோ புகுந்து, கணப்படுப்புக் கம்பியால் அதை அடித்து நொறுக்கினார்கள். கிப்சன் ஆட்கள் சில்லுகளைப் பொறுக்கி ஒட்டிக் கொடுத்தார்கள். செய்தவர் யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஊர்வாய் மட்டும் உடனே ஒரு பெண்ணைக் கைகாட்டியது. கன்ட்ரி மாண்டலினின் இன்னொரு பெரிய பெயர் ஐரா லூவின். சுருதி சேராத மாண்டலினை மேடையிலேயே போட்டு உடைப்பார். மூன்றாம் மனைவியின் கழுத்தைத் தொலைபேசிக் கம்பியால் நெரிக்க முயன்று, அவர் திருப்பிச் சுட்டதில் குண்டுகளோடு பிழைத்தவர். இதை ரசிகர்கள் மேதையின் கோபம் என்று சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

1970களில் காற்று மாறியது. 1975இல் சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஐந்து பெண்கள் சேர்ந்து குட் ஓல் பெர்சன்ஸ் என்று குழு தொடங்கினார்கள். நம்ம பழைய பசங்க என்று பொருள்படும் வழக்குச் சொல்லில் பசங்களை எடுத்துவிட்டு நபர்களைப் போட்டார்கள். அந்தக் கிண்டலுக்கு இருபது ஆண்டுக் கோபம் தேவைப்பட்டிருக்கும். புளூகிராஸ் பெண்களைப் பற்றி மர்ஃபி ஹென்றி 2013இல் எழுதிய பெரிய நூலின் தலைப்பு, பெண்ணாக இருந்தும் பரவாயில்லையே என்று ஆண்கள் கொடுக்கும் பாராட்டுத்தான். மர்ஃபி தாமே பாஞ்சோ வாசிப்பவர், இந்தப் பாராட்டை நேரில் கேட்டவர்.

வானொலிக்கு மாண்டலினையும் பாஞ்சோவையும் திரும்பக் கூட்டி வந்தவர்களில் டிக்ஸி சிக்ஸ் முக்கியமானவர்கள். 1998இல் அவர்கள் தட்டு லட்சக்கணக்கில் விற்றது. ஃபிடிலும் மாண்டலினும் மார்ட்டி, பாஞ்சோ எமிலி, அக்காவும் தங்கையும். 2003 மார்ச்சில் இராக் போர் தொடங்கும் முன் லண்டன் மேடையில் நாட்டலி மெய்ன்ஸ் அதிபர் புஷ்ஷைக் குறித்து ஒரு வாக்கியம் சொன்னார். கன்ட்ரி வானொலி நிலையங்கள் அவர்களைக் கிட்டத்தட்ட ஒட்டுமொத்தமாக நிறுத்தின, தட்டுகளைக் குவித்து நசுக்கினார்கள். 2015இல் ஒரு வானொலி ஆலோசகர், நிகழ்ச்சி என்பது சாலட், ஆண்கள்தான் கீரை, பெண்கள் மேலே தூவும் தக்காளி என்று விளக்கினார்.

சர்வதேச புளூகிராஸ் சங்கம் 1990 முதல் ஆண்டுதோறும் சிறந்த மாண்டலின் கலைஞரைத் தேர்ந்தெடுக்கிறது. பாஞ்சோவில் 1991லேயே அலிசன் பிரவுனுக்கு விருது கிடைத்துவிட்டது. மாண்டலினில் ஒரு பெண் வர 2016 ஆனது. டென்னசி மாநிலத்தின் பைர்ட்ஸ்டவுன் என்ற சின்ன ஊர்க்காரர் சியரா ஹல், எட்டு வயதில் தொடங்கியவர். அதற்கு முன் மிசூரியின் ரோண்டா வின்சென்ட் இருந்தார். எட்டு வயதில் அப்பா கையில் கொடுத்த மாண்டலினோடு குடும்பக் குழுவில் வளர்ந்தவர், பின்பு சொந்தக் குழுவை மாண்டலினோடு முன்னால் நின்று நடத்தியவர். 2000 முதல் 2006 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் அதே சங்கம் அவருக்கு விருது கொடுத்தது. ஏழும் சிறந்த பெண் குரலுக்கு.