பச்சிலையும் பச்சௌலியும்

ஈப்போக் கடைத்தெருவில் விற்கும் ஊதுவத்தி, சவர்க்காரம், வாசனை எண்ணெய் ஆகியவற்றின் உறைகளில் ‘பச்சௌலி’ என்னும் பெயரைக் காணலாம். மாணாக்கர் பலர் அதனைப் பிரெஞ்சுச் சொல் என எண்ணுகின்றனர். ஆங்கிலப் பேரகராதிகளோ அதன் வேர் தமிழே என்கின்றன. பச்சை, இலை ஆகிய இரண்டின் சேர்க்கை என்பாரும், ‘பச்சுளி’ என்னும் வடிவத்தின் திரிபு என்பாரும் உளர். எவ்வாறாயினும் சொல் நம்முடையது. செடியும் நம்முடையதுதானா?

மணமுள்ள இவ்வினத்தில் இரு செடிகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். தென்னிந்திய மலைக்காடுகளில் தானே வளர்வது கதிர்ப்பச்சை. மலாய்க்காரர் ‘நிலாம்’ என வழங்குவது மற்றொன்று; அது பிலிப்பைன்சு முதலிய கீழைத் தீவுகளுக்கு உரியது. இரண்டும் துளசிக் குடும்பத்தனவே. எண்ணெய்க்குச் சிறந்தது நிலாம். 19ஆம் நூற்றாண்டில் நம் பேராக்கின் வடமேற்கே பினாங்கிலும் செபராங் பிறையிலும் அது பயிராயிற்று. தமிழ் வணிகர் தாம் முன்பறிந்த இலையின் பெயரையே இதற்கும் இட்டனர் எனக் கருத இடமுண்டு.

அந்நூற்றாண்டின் முற்பகுதியில், பூச்சி அரியாதிருக்கக் காசுமீரச் சால்வைகளின் இடையே இவ்விலையை உலர்த்தி வைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினர். மணம் இருந்தால்தான் மெய்யான இந்தியச் சால்வை என்று அங்குள்ளோர் நம்பினர். பிரெஞ்சு நெசவாளர் அவ்விலையை வரவழைத்துத் தம் போலிச் சால்வைகளுக்கும் அம்மணத்தை ஊட்டினர். மணத்தை மட்டும் நம்பியவர் ஏமாந்தனர்.

பெயரை மட்டும் நம்புவோர்க்கும் அந்நிலை நேரலாம். குறிஞ்சிப்பாட்டில் வரும் ‘பசும்பிடி’க்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பச்சிலை எனப் பொருள் கூறினார். அதுகொண்டு சங்கத் தமிழர் இவ்வெண்ணெயை அறிந்திருந்தனர் எனத் துணிதல் ஆகாது. பசும்பிடியை இக்கால ஆய்வாளர் பெரும்பாலும் ஒரு மரமாகவே கொள்வர்.

அறிவியலாரும் தம் முடிபை மீண்டும் சோதிக்கின்றனர். இலையை உலர்த்தி நீராவியால் வடித்த எண்ணெயின் முதன்மைப் பொருள் பச்சுளால். அதன் மூலக்கூற்று அமைப்பு 1961இல் தெளிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 1963இல் எக்ஸ் கதிர் ஆய்வு அதனைத் திருத்தியது.

இன்று இவ்வெண்ணெயைப் பெருமளவில் தருவது இந்தோனேசியா. ரப்பர் அழிந்து செம்பனை எழுந்த நம் தோட்டப் பகுதிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முன்னோர் வரலாற்றைச் சொல்லும் ஆசிரியர்க்கு இது பயன்படும். தமிழ்ச் சொல் கடல் கடந்து உலகெங்கும் சென்றதைப் பெருமிதத்தோடு கூறுக. செடியைப் பேணி வளர்த்த மலாய் மண்ணுக்கும் அதன் மக்களுக்கும் உரிய பங்கையும் உடன் கூறுக. அப்போதுதான் மாணாக்கர் நாம் சொல்லும் பிற பெருமைகளையும் நம்புவர்.