ஷேவிங் பிரஷ் ஏன் குத்துகிறது? – ஒரு நூற்றாண்டுக் கதை



கேன் நுரையும் டியூப் கிரீமும் வந்த பிறகு ஷேவிங் பிரஷ் மறைந்துவிடும் என்று நினைத்தோம். இப்போது அது திரும்பி வருகிறது. நம் பிளாக்கிலேயே சில இளைஞர்கள் ஆன்லைனில் பன்றி முடி பிரஷ் வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் தாத்தாவின் பெட்டியிலிருந்து பழைய பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறார். என்னிடம் வந்த கேள்விகள் இரண்டு. "புது பிரஷ் முகத்தில் குத்துகிறதே, என்ன செய்வது?" என்பது ஒன்று. "பழையதைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதுமா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு வழி எளிது. இரண்டாவது கேள்விக்குப் பின்னால், பலர் உயிரை வாங்கிய ஒரு வரலாறு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மருத்துவம் தெரியாது. பி.காம். படித்து, வங்கியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். சரக்கு எங்கே புறப்பட்டது, யார் கை மாறியது, எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பது எங்கள் பழக்கம். இந்தக் கதையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

போரும் பிரஷ்ஷும்

1914-க்கு முன் ஐரோப்பாவில் நல்ல ஷேவிங் பிரஷ் என்றால் அது பேட்ஜர் முடியில் செய்தது. பேட்ஜர் என்பது வளை தோண்டி வாழும் விலங்கு. அதன் முடி மென்மையானது, தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும். அந்த முடியில் பெரும்பகுதி ரஷ்யப் பக்கமிருந்து வந்தது. ஜெர்மனியில் அதைச் சுத்தம் செய்து, தரம் பிரித்து, மற்ற நாடுகளுக்கு அனுப்பினார்கள்.

முதல் உலகப் போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. தேவையோ கூடியது. விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டுமானால் தாடி இருக்கக் கூடாது. அதனால் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு ஷேவிங் சாமான் கொடுக்க வேண்டியிருந்தது. சரக்கு இல்லை, விலை ஏறுகிறது என்றால் சந்தையில் என்ன நடக்கும்? போலி வரும். மலிவான குதிரை முடிக்குச் சாயம் ஏற்றி, பேட்ஜர் முடி போலக் காட்டி விற்றார்கள். சீனா, சைபீரியா பக்கத்துக் குதிரை முடி, ஜப்பானில் செய்த மலிவு பிரஷ் எல்லாம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இறங்கின. அந்த முடியில் ஒரு பகுதி சரியாகச் சுத்தம் செய்யப்படாதது. அதில் ஆந்த்ராக்ஸ் கிருமி இருந்தது.

நம் கிராமங்களில் அடைப்பான் நோய் என்பார்களே, அதுதான். ஆடு, மாடு, குதிரைக்கு வருவது. இந்தியாவில் இன்றும் கால்நடைகளிடையே அவ்வப்போது தலைகாட்டுகிறது. இந்தக் கிருமி ஒரு கெட்டியான விதை போலத் தன்னை மூடிக்கொள்ளும். அதை ஸ்போர் என்கிறார்கள். 1876-ல் ராபர்ட் கோக் இதை விளக்கிக் காட்டினார். மண்ணிலும் முடியிலும் பல வருடங்கள் அது அப்படியே கிடக்கும்.

ஷேவ் செய்யும்போது சிறு கீறல் விழாத முகம் உண்டா? பிரஷ்ஷில் இருக்கும் ஸ்போர் அந்தக் கீறலுக்குள் போய்விடும். முதலில் ஒரு பரு. பிறகு கொப்புளம். பிறகு நடுவில் கரி போல ஒரு பொருக்கு. வலி அதிகம் இருக்காது, சுற்றிலும் வீக்கம். ஆந்த்ராக்ஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே நிலக்கரி என்றுதான் பொருள். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல். அதற்கு முன் முகத்திலும் கழுத்திலும் இது வந்தால் பிழைப்பது நிச்சயமில்லை.

1915 முதல் 1924 வரை பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் சேர்த்து 200 பேருக்கு மேல் இப்படி ஷேவிங் பிரஷ்ஷால் பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் சிப்பாய்கள். மைக்கேல் ஃபார்லி என்பவர் நியூயார்க்கிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர். 1921-ல் அவர் இறந்ததும் ஷேவிங் பிரஷ்ஷிலிருந்து தொற்றிய ஆந்த்ராக்ஸால்தான்.

பிரிட்டன் 1919-ல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1920-ல் ஜப்பானிய ஷேவிங் பிரஷ் இறக்குமதியைத் தடை செய்தது. வெளிநாட்டுக் கம்பளியையும் முடியையும் ஃபார்மலின் கொண்டு சுத்திகரிக்க லிவர்பூலில் அரசே ஒரு நிலையம் அமைத்தது. 1921-ல் அது வேலையைத் தொடங்கியது. அதன் பிறகு இந்த நோய் படிப்படியாக அடங்கியது.

நமக்கும் இதே போர்தான்

இது ஏதோ சீமைக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். அதே போர் ஆண்டுகளில் ஐரோப்பியத் தீப்பெட்டி வரத்துக் குறைந்து, ஜப்பான் தீப்பெட்டி இந்தியச் சந்தையை நிரப்பியது. 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டிக்குக் குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி விழுந்தது. உள்ளூர்த் தொழிலுக்குக் கதவு திறந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். பட்டாசும் அச்சும் அதன் பின்னால் வந்தன. ஒரு போர் சரக்கு வழியை அடைத்தபோது ஓர் இடத்தில் போலி பிரஷ் முளைத்தது. இன்னோர் இடத்தில் ஒரு ஊரே பிழைக்கும் தொழில் முளைத்தது.

தாத்தாவின் பிரஷ்

ஆகவே இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது. 1930-க்கு முந்தையது, அல்லது எந்தக் காலத்தது, எந்த முடி என்று தெரியாதது என்றால் முகத்தில் வைக்காதீர்கள். ஆன்லைனில் 'ஆன்டிக்' என்று விற்பதற்கும் இதே பதில்தான். இன்று அதில் கிருமி இருக்க வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனாலும் சாதாரணமாகக் கொதிக்க வைப்பது ஸ்போரைக் கொல்லும் என்று நம்ப முடியாது. முடிக்கொத்தைப் பிடித்திருக்கும் பசை இளகி முடி உதிர்வதுதான் நிச்சயம். தாத்தாவின் நினைவாகக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள், அழகாக இருக்கும்.

புது பிரஷ் குத்தினால்

பன்றி முடி தடிப்பானது. பழகப் பழக அதன் நுனி இரண்டு மூன்றாகப் பிளந்து மென்மையாகும். புதிதில் குத்துவதற்கு அது ஒரு காரணம். நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு: போர் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பு உப்பு சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக முடியில் படியும். காய்ந்தால் முடி விறைத்துவிடும். வாளியின் உட்புறத்தில் பார்க்கிறோமே, அதே பிசுக்குதான். செய்ய வேண்டியவை இவை:

1. ஒரு பங்கு வெள்ளை வினிகர், பத்துப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். முடி மட்டும் மூழ்கும்படி ஐந்து நிமிடம் வைத்து, நன்றாக அலசுங்கள். பிறகு கொஞ்சம் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். மாதம் ஒரு முறை போதும்.

2. ஷேவ் செய்யும் முன் பன்றி முடி பிரஷ்ஷை ஐந்து, பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வையுங்கள். கொதிநீர் வேண்டாம். நுரை போட ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

3. புது பிரஷ் என்றால் ஒன்றிரண்டு வாரம் தினமும் உள்ளங்கையில் சோப்பு நுரை போட்டு, அலசி, முழுக்கக் காய விடுங்கள். நனைந்து காய்ந்து பழகினால்தான் நுனி பிளக்கும்.

4. முகத்தில் அழுத்தித் தேய்க்காதீர்கள். சுவருக்கு வெள்ளை அடிப்பது போல மேலும் கீழும் தடவுங்கள். ஒரே ஒரு முடி மட்டும் குத்தினால் சின்னக் கத்தரியால் அடியில் வெட்டிவிடுங்கள்.

5. உதறி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு மாதத்தில் குத்தல் குறையவில்லை என்றால் அந்தப் பிரஷ் தரமற்றது, மாற்றிவிடுங்கள். மிருக முடியே வேண்டாம் என்பவர்களுக்கு இப்போது மென்மையான செயற்கை இழை பிரஷ் கிடைக்கிறது. அதை ஊற வைக்கும் வேலையும் இல்லை.

கடைசியாக ஒன்று. ஒரு பிரஷ் ஒருவருக்கு மட்டும்தான். அப்பாவும் மகனும்கூடப் பகிர்ந்துகொள்ள வேண்டாம். சலூனுக்குப் போகும் பெரியவர்கள், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்கள், சொந்த பிரஷ்ஷைக் கையோடு கொண்டு போங்கள். புது பிளேடு போடச் சொல்லிக் கேட்க நாம் பழகிவிட்டோம். பிரஷ்ஷைப் பற்றியும் கேட்கலாம், தவறில்லை.