உணர்ச்சி வேகத்தில் மாறும் முடிவுகள்: பாலியல் நலனில் கவனிக்க வேண்டியவை

பாதுகாப்பற்ற உறவின் ஆபத்தை நன்கு அறிந்தவர்களும் சில வேளைகளில் ஆணுறையைத் தவிர்ப்பதற்கு அறியாமை மட்டுமே காரணமன்று. டான் ஏரியலி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் பயின்ற 35 மாணவர்கள் அமைதியான நிலையிலும் பாலியல் கிளர்ச்சி நிலையிலும் அளித்த விடைகள் ஒப்பிடப்பட்டன. சிறிய ஆய்வுதான்; பெண்கள் இடம்பெறவில்லை. எனினும் வேறுபாடு தெளிவாக இருந்தது. ஆணுறையை எடுத்துவருவதற்குள் இணையர் மனம் மாறக்கூடும் எனில் அதைப் பயன்படுத்துவீர்களா என்ற வகைக் கேள்விகளில், கிளர்ச்சி நிலையில் இருந்தவர்களின் எச்சரிக்கை குறைந்தது. இணையர் மறுத்த பின்னரும் வற்புறுத்தும் மனப்போக்கு அதிகரித்தது. அமைதியாக இருக்கையில், தங்கள் நடத்தை இவ்வாறு மாறும் என்பதை அவர்கள் கணிக்கவில்லை.

எனவே, ஆணுறையைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும் இணையருடன் முன்கூட்டியே பேசுவதும், அந்நேரத்து மனவுறுதியை நம்புவதைவிடப் பயனுள்ளவை. தவறு நேர்ந்தபின் எழும் வெட்கமும் அச்சமும் சிகிச்சையைத் தாமதப்படுத்தக்கூடும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை விரைவாகத் தொடங்கி, 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.