நீதியரசர் ஏ. வரதராஜன்: முன்சீப் மன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை

கல்வியின் பயனை எடுத்துரைக்கும் இவ்வெள்ளி விழா மலரில் நாம் நினைவுகூர வேண்டிய பெருமக்களுள் ஒருவர் நீதியரசர் ஏ. வரதராஜன். தாழ்த்தப்பட்ட மக்களிடையே பிறந்து இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியாக முதன்முதலில் அமர்ந்தவர் இவரே. அம்மன்றம் தோன்றியது 1950 ஜனவரியில். இவர் பதவியேற்றது 1980 டிசம்பர் 10ஆம் நாள். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தைக் காக்கும் மன்றத்தில், அக்கொடுமைக்கு ஆளான மக்களுள் ஒருவர் இடம்பெற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1920 ஆகஸ்டு 17ஆம் நாள் பிறந்த அவர், சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். அவர் உயர்ந்த வழி நம் இளைஞர்கள் ஊன்றி நோக்கத்தக்கது. கடன் பத்திரமும் வரப்புத் தகராறும் வாய்க்கால் பாத்தியதையும் விசாரிக்கப்படும் மாவட்ட முன்சீப் மன்றத்தில் நீதித்துறைப் பணியைத் தொடங்கினார். பின்னர் சார்பு நீதிபதியாகவும் மாவட்ட நீதிபதியாகவும் படிப்படியாக உயர்ந்தார். 1973இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1862இல் நிறுவப்பட்ட அம்மன்றத்தில் தாழ்த்தப்பட்டோர் ஒருவர் நீதிபதியானது அதுவே முதன்முறை.

உச்ச நீதிமன்றத்தில் அவர் பங்கேற்ற அமர்வுகளின் தீர்ப்புகளுள் இரண்டினை இங்குக் குறிப்பிடுதல் தகும். ஆயுள் தண்டனை பெற்றவர் கொலை புரிந்தால் மரண தண்டனையன்றி வேறு தண்டனை கூடாது என்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு. குற்றத்தின் சூழலை நீதிபதி எண்ணிப் பார்க்கவும் அது இடந்தரவில்லை. 1983இல் மித்து வழக்கில் ஐவர் அமர்வு அப்பிரிவு செல்லாது என்றது. அவ்வைவருள் வரதராஜனும் ஒருவர். 1984இல் சரத் சாரதா வழக்கில், மனைவியைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவரை மூவர் அமர்வு விடுவித்தது. சந்தேகம் எவ்வளவு வலியதாயினும் மெய்ப்பிப்புக்கு ஈடாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். திருட்டு நடந்தால் முதலில் சேரியைத் தேடிவரும் போலீசைக் கண்ட நம் மக்களுக்கு இந்நெறியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

1985 ஆகஸ்டில் ஓய்வு பெற்ற வரதராஜன் 2009இல் மறைந்தார். அவர் திறந்த வழியில் கே. ஜி. பாலகிருஷ்ணன் 2007இலும் பி. ஆர். கவாய் 2025இலும் தலைமை நீதிபதிகளாயினர். ஆயினும் 2010 மே முதல் 2019 மே வரை ஒன்பதாண்டுகள் உச்ச நீதிமன்றத்தில் நம்மவர் ஒருவரும் இல்லை. ஒருமுறை திறந்த கதவு தானே திறந்தே நிற்பதில்லை என்பதை நாம் உணர வேண்டும்.

உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிகளுக்கு இடஒதுக்கீடு கிடையாது. ஆனால், அவற்றிற்கு ஏறும் கீழ்ப்படியான உரிமையியல் நீதிபதித் தேர்வில் உண்டு. முன்சீப் பதவியே இன்று அப்பெயரால் வழங்குகிறது. ஆகவே, சட்டம் பயிலும் மாணவ மாணவியர் அப்படியில் துணிந்து கால் வைத்தல் வேண்டும். அவர்களுக்கு நூலும் கட்டணமும் பயிற்சியும் தந்து துணை நிற்பது நம் போன்ற கல்விச் சங்கங்களின் கடமையாகும்.