இன்டீரியர் டிசைனர் ஆக என்ன படிக்கணும்? லைசென்ஸ் கட்டாயமா? சேருவதற்கு முன் இதைப் பாருங்க!

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் மாதிரி ஊர்களில்கூட புது வீடு என்றால் மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் என்று பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. அதனால் ப்ளஸ் டூ முடித்த பலர் இன்டீரியர் டிசைன் பக்கம் பார்க்கிறார்கள். வீட்டில் உடனே வரும் கேள்வி, "படிச்சா அந்த சர்டிபிகேட் செல்லுமா?" நியாயமான கேள்விதான். கடன் வாங்கி ஃபீஸ் கட்டப்போவது அவர்கள்தானே!

லைசென்ஸ் கட்டாயமா?

இல்லை. டாக்டர், வக்கீல் மாதிரி இன்டீரியர் டிசைனருக்கு இந்தியாவில் சட்டப்படியான கவுன்சிலோ பதிவு எண்ணோ கிடையாது.

ஆனால் ஒரு எல்லைக்கோடு உண்டு. 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். நொய்டாவில் ஒரு பதவி தொடர்பாக வந்த வழக்கில், 2020 மார்ச் 17-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சட்டம் பாதுகாப்பது அந்தப் பட்டத்தைத்தான், டிசைன் வேலையையே மற்றவர்கள் செய்யக்கூடாது என்று அது தடுக்கவில்லை என்பதே தீர்ப்பு. ஆகவே இன்டீரியர் வேலை செய்யலாம், போர்டில் 'ஆர்க்கிடெக்ட்' என்று எழுதக்கூடாது.

1972-லேயே தொடங்கிய இந்திய இன்டீரியர் டிசைனர்கள் சங்கம் (ஐஐஐடி) இருக்கிறது. அதில் உறுப்பினர் ஆவது தொழில் வட்டாரத்தில் மரியாதை தரும், லைசென்ஸ் ஆகாது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே அலபாமா மாநிலம் 1982-லேயே இதற்கென சட்டம் போட்டது. பல மாநிலங்களில் என்சிஐடிக்யூ என்ற தேர்வு கேட்கிறார்கள்.

சரி, எங்கே படிக்கலாம்?

மேலே இருந்து வருவோம். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்ஐடி) ஃபர்னிச்சர் அண்ட் இன்டீரியர் டிசைன் பிரிவு உண்டு. 4 ஆண்டு பி.டெஸ். 'டாட்' என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாத விஷயம்.

5 ஆண்டு பி.ஆர்க் படித்துவிட்டு இன்டீரியருக்கு வருபவர்களும் நிறைய. இதற்கு ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் அவசியம், 'நாட்டா' தேர்வும் உண்டு. நம்ம பக்கத்தில் மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் பி.ஆர்க் இருக்கிறது. திருச்சி என்ஐடி வேண்டுமென்றால் ஜேஇஇ மெயினின் இரண்டாம் தாள். ஆர்ட்ஸ் குரூப் எடுத்தவருக்கு இந்த வழி மூடியிருக்கும், பி.டெஸ் அல்லது பி.எஸ்சி. படிப்புகள்தான் வழி.

பத்தாவதோடு நின்றவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. ஐடிஐ பாடப்பிரிவுகளில் 'இன்டீரியர் டிசைன் அண்ட் டெக்கரேஷன்' 1 ஆண்டு, 'டிராஃப்ட்ஸ்மேன் சிவில்' 2 ஆண்டு. எல்லா ஐடிஐ-யிலும் எல்லா டிரேடும் இருக்காது, விசாரித்துவிட்டுப் போங்கள்.

'அரசு அங்கீகாரம்' என்று போர்டு போட்டிருந்தால்?

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். கம்பெனியாகப் பதிவு செய்ததைக் காட்டி 'கவர்ன்மென்ட் ரிஜிஸ்டர்டு' என்பார்கள். அது படிப்புக்கான அங்கீகாரம் இல்லை. யுஜிசி சட்டப்படி டிகிரி கொடுக்க முடிவது பல்கலைக்கழகத்துக்கும் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனத்துக்கும்தான். "டிகிரியில எந்த யுனிவர்சிட்டி பேர் வரும்?" என்று நேராகக் கேட்டு, அந்தப் பெயர் யுஜிசி பட்டியலில் இருக்கிறதா என்று போனிலேயே பார்த்துவிடலாம்.

இன்னொரு இழப்பும் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அது டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ படிப்புகளுக்குத்தான். ஆறு மாத தனியார் சர்டிபிகேட் கோர்ஸில் சேர்ந்துவிட்டு அதை எதிர்பார்க்க முடியாது.

சாஃப்ட்வேர் மட்டும் போதுமா?

போதாது. தமிழில் 'உள் அலங்காரம்' என்று பெயர் வைத்ததே பாதி குழப்பத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது. கர்ட்டன், பெயின்ட் கலர் தேர்வு செய்வது அலங்காரம். சமையல் மேடை யார் உயரத்துக்கு வர வேண்டும், மிக்ஸிக்கு பிளக் பாயின்ட் எங்கே, சிங்குக்குக் கீழே சாதாரண பிளைவுட் போட்டால் ஊறிப்போகாதா, ஐஎஸ் 710 முத்திரை உள்ள மெரைன் பிளை வேண்டுமா, 8-க்கு 4 ஷீட்டில் வீணாகாமல் எப்படி வெட்டுவது, இதெல்லாம்தான் டிசைன். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் தெரிந்தவர் படம் போட்டுக் கொடுப்பார். அதை ஆசாரியிடம் சொல்லி வேலை வாங்கத் தெரிய வேண்டும்.

வேலை கேட்டுப் போனால் மார்க் ஷீட்டோடு போர்ட்ஃபோலியோவும் கேட்பார்கள். சொந்த வீட்டுச் சமையலறையை டேப் வைத்து அளந்து பிளான் போட்டாலே முதல் பக்கம் ரெடி. சொந்தமாகத் தொழில் தொடங்கினால், சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.