மறக்கப்படும் உரிமையும் மறவாத கடமையும்

மனிதனின் பெயரை ஏட்டிற் பொறிக்கும் அதிகாரம் என்றும் ஆள்வோர் கையிலேயே இருந்து வந்திருக்கிறது. பொறித்த பெயரை அழிக்கும் உரிமையோ அப்பெயருக்குரியவனுக்கு எளிதிற் கிட்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையும் படுவான்கரையும் இவ்வுண்மையைக் கண்ணீரால் அறிந்தவை. போர்க்காலத்தில் சோதனைச் சாவடியின் பெயர்ப்பட்டியலும், முகமூடியணிந்த ‘தலையாட்டி’யின் ஓரசைவும் எத்தனை இளைஞரின் விதியை நிர்ணயித்தன!

2009இல் போர் முடிந்தது, பட்டியல்கள் முடியவில்லை. 2014 மார்ச்சில் அரசாங்கம் 16 அமைப்புகளையும் 424 தனிமனிதரையும் பயங்கரவாதத்தோடு தொடர்புடையோரென வர்த்தமானியில் அறிவித்தது. 2015 நவம்பரில் அவர்களுட் பலர் மீதான தடை நீக்கப்பட்டது. ஆயினும், தடை நீங்கியதால் பழைய பட்டியலின் பிரதிகள் இணையத்திலிருந்து நீங்கிவிடவில்லை.

2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. நான்கு நாட்களின் பின் பொலிசார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களுள் ஒன்று, குற்றத்தோடு எவ்விதத் தொடர்புமற்ற அமெரிக்க மாணவி ஒருத்தியுடையது. தவறெனப் பொலிசார் ஒப்புக்கொள்ளுமுன் படம் உலகைச் சுற்றிவிட்டது. அந்த மாணவிக்காகக் குரல்கொடுக்கப் பலர் இருந்தனர். ஐயத்தின்பேரிற் கைதாகிப் பின் விடுதலையாகும் ஓர் ஏழை மீனவனுக்கோ கூலியாளுக்கோ யார் இருக்கிறார்? கைதான செய்தி முதற்பக்கத்தில். விடுதலைச் செய்தி எங்கே?

இக்கொடுமைக்குப் பரிகாரம் தேடும் முயற்சி புதியதன்று. தண்டனையை அனுபவித்துக் குறித்த காலம் ஒழுங்காக வாழ்ந்தவன், தன் பழைய சிறு குற்றத்தைச் சொல்லத் தேவையில்லையெனப் பிரித்தானியா 1974இல் சட்டம் இயற்றியது. 1998இல் ஸ்பானியப் பத்திரிகையொன்றில் வெளியான ஏல அறிவித்தல், கடன் தீர்ந்த பின்னும் ஒருவரின் பெயரைத் தேடும்போதெல்லாம் தலைகாட்டியது. 2014 மே 13இல் ஐரோப்பிய நீதிமன்றம், அவ்விணைப்பைக் கூகிள் நீக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பத்திரிகையின் பக்கம் அழிக்கப்படவில்லை. பெயரிலிருந்து பழிக்குச் செல்லும் வழி மட்டுமே அடைக்கப்பட்டது. இந்த வேறுபாடே நமக்கு முக்கியம்.

ஏனெனில் இம்மண்ணில் மறக்கக் கூடாதவையும் உள. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். அவ்வாண்டு செப்டம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுசென்றது, அவர்கள் மீளவில்லை. அவர்களுடைய பெயர்கள் நிலைக்க வேண்டுமென்றே தாய்மார் படங்களைத் தாங்கி வீதியில் நிற்கின்றனர். ‘மறக்கப்படும் உரிமை’ என்னும் போர்வையில் கொலையாளியும் ஊழல்வாதியும் தம் கறையைக் கழுவிக்கொள்ள இடமளிக்கலாமா?

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவை அழிக்கக் கோரும் உரிமையை ஏட்டில் ஏற்றுள்ளது. ஆனால் ஏட்டிலுள்ள உரிமை படுவான்கரை உழவனின் வாசலுக்குத் தானாக நடந்து வராது. வழக்கறிஞரை அமர்த்த வல்லவன் தன் பெயரைத் துடைத்துக்கொள்வான். வசதியற்றவன் பழியைச் சுமப்பான். மேலும், ஐரோப்பாவிற்கூட இணைப்பை நீக்கலாமா என முதலில் முடிவு செய்வது நீதிமன்றமன்று, இலாபத்துக்காக இயங்கும் நிறுவனமே.

ஆதலால் நமது கோரிக்கை இரண்டாகட்டும்: குற்றமற்ற எளியவனுக்குச் செலவின்றித் தன் பெயரை மீட்கும் வழி வேண்டும், அதிகாரம் புரிந்த கொடுமைகளின் ஏடுகள் ஒரு வரியும் அழியாது காக்கப்பட வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பது ஆசிரியரின் பணி. போராடிப் பெறுவது மக்களின் பணி.