மவுண்டன் பைக் சஸ்பென்ஷன்: வீட்டில் செய்யக்கூடியதும் கைவைக்கக் கூடாததும்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளையிலிருந்து பதுளைக்கு வரும் சைக்கிள், ஏறத்தாழ 700 மீற்றர் கீழிறங்குகிறது. அதிலும் கல் பெயர்ந்த தோட்டப் பாதைகளில் இறங்கினால், குலுக்கலையெல்லாம் தாங்குவது முன் ஃபோர்க்தான். அது இறுகிப்போனால் முன்சக்கரம் நிலத்தைப் பிடிக்காது. வளைவில் சைக்கிள் கைமீறிப் போகும்.

எப்போது செய்வது?

ரொக்ஷொக்ஸ் நிறுவனம் தனது ஃபோர்க்குகளின் கீழ்க் கால்களை 50 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறது. ஃபொக்ஸ் நிறுவனத்தின் கணக்கு 125 மணிநேரம் அல்லது ஓராண்டு. சேற்றிலும் தூசியிலும் ஓடும் சைக்கிளுக்கு இந்த இடைவெளி இன்னும் குறையும். ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று, ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெருமழை. எனவே செப்டெம்பர் இறுதியில் ஒருமுறை, மழை ஓய்ந்ததும் ஒருமுறை செய்வது பொருத்தம்.

எப்படிச் செய்வது?

1. காற்றழுத்த அளவைக் குறித்துக்கொண்டு, காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். காற்று இருக்கும்போது எந்தப் போல்ட்டையும் தொடக்கூடாது.

2. முன்சக்கரத்தையும் பிரேக் கலிப்பரையும் கழற்றித் தூர வையுங்கள். டிஸ்க்கிலோ பிரேக் கட்டையிலோ எண்ணெய் பட்டால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது.

3. ரீபவுண்ட் குமிழ் இருந்தால் கழற்றுங்கள். அடிப் போல்ட்டுகளை மூன்று, நான்கு சுற்றுத் தளர்த்தி, றப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பிறகு போல்ட்டுகளை முற்றாக எடுத்து, கீழ்க் கால்களை உருவி, பழைய எண்ணெயை ஒரு தட்டில் வடியவிடுங்கள்.

4. நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டு உட்பக்கத்தைத் துடையுங்கள். பஞ்சு வளையங்களைச் சஸ்பென்ஷன் எண்ணெயில் நனைத்து, சீல்களின் உதட்டில் சஸ்பென்ஷன் கிறீஸைப் பூசுங்கள். சாதாரண கிறீஸ் சில சீல்களை ஊதச் செய்துவிடும்.

5. சீல் மடியாதபடி கால்களைப் பாதிவரை ஏற்றி, சைக்கிளைச் சாய்த்து, போல்ட் துளைகள் வழியே புதிய எண்ணெயை விடுங்கள். அளவு மொடலுக்கு மொடல், காலுக்குக் கால் வேறுபடும். தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள். கால்களை முழுதாக ஏற்றி, போல்ட்டை டோர்க் ஸ்பனரால் முறுக்கி, குறித்த அளவுக்குக் காற்றடியுங்கள்.

மலிவு விலைச் சைக்கிள்களின் ஃபோர்க்கில் பெரும்பாலும் காற்றுக்குப் பதில் ஸ்பிரிங்தான் இருக்கும். அவற்றில் சில கழற்றும்படி செய்யப்படாதவை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உள் குழாயை ஈரத்துணியால் துடைப்பதே அவற்றுக்கு நல்ல பராமரிப்பு. எந்த ஃபோர்க்காக இருந்தாலும், சீலை நோக்கிப் பலமாகத் தண்ணீர் பீய்ச்சக்கூடாது.

எதில் கைவைக்கக் கூடாது?

பின் ஷொக்கின் டாம்பரில் பெரும்பாலும் உயர் அழுத்த நைதரசன் அடைக்கப்பட்டிருக்கும். காற்றை வெளியேற்றிய பின்னும் ஷொக் சுருங்கியபடியே நின்றால், உள்ளே அழுத்தம் சிக்கியிருக்கலாம். திறந்தால் பாகங்கள் சிதறி முகத்தில் பாயக்கூடும். அதை அப்படியே கழற்றி, உரிய கருவியுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.